துடைக்கக் கூடாது

சண்டைக் காலத்தில் கேக் ஒரு கேடா என்று கேட்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அப்போதும் இருந்தார்கள். மானிப்பாயில் கேக் செய்கிற அக்கா ஒருவரின் வீட்டு வாசலில் நின்று ஒரு பென்சன்காரர் அதைக் கேட்டதை என் காதாலேயே கேட்டேன். அக்கா கையிலிருந்த அரிதட்டைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

"சண்டை பிடிக்கிற ஆக்கள் எங்களைக் கேட்டே பிடிக்கினம்? நாங்கள் ஏன் அவையைக் கேட்டுக் கலியாணம் கட்டவேணும்?"

பென்சன்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் பேத்தியின் பிறந்தநாளுக்கு அவரே வந்து கேக்குக்குச் சொல்லிவிட்டுப் போனது வேறு கதை.

அக்காவின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஊரில் எல்லோருக்கும் அவர் கேக் அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் எனக்கும் அக்காதான். நான் குருநகர் ஆள். அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போக, நான் மட்டும் கரையில் நின்று கார் ஓட்டினேன். மானிப்பாய், சண்டிலிப்பாய், பண்டத்தரிப்பு என்று வாடகைக்கு ஓடித் திரிந்ததில் அவரைத் தெரியும். தெரியும் என்றால், அவரிடம் ஏச்சு வாங்கிய ஆட்களில் நானும் ஒருவன்.

அவருடைய கேக்கின் பெருமையெல்லாம் அதன் மேற்போர்வையில் இருந்தது. சீனியை மாவாக இடித்து, பழைய நைலோன் சீலைத் துண்டில் அரித்து, முட்டை வெள்ளையும் குளுக்கோசுப் பாகும் விட்டுக் குழைப்பார். பிறகு றொட்டிக்குப் பரத்துவதுபோலப் பரத்தி, ஒரே விரிப்பாகத் தூக்கிக் கேக்கின் மேல் போர்ப்பார். ஒரு சுருக்கம் இராது. சீனி இடிக்கிற வேலை கணவருடையது. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையில் வேலை பார்த்த மனிதர். ஆலை மூடிய பிறகும் உச்சி முதல் பாதம் வரை வெள்ளையாகத்தான் திரிந்தார். முந்தி சீமெந்துப் புழுதி, இப்போது சீனிப் புழுதி.

எங்கள் ஊர் வெயிலுக்கு இந்த ஐசிங் உருகாதா என்று கேட்காத ஆள் இல்லை. அவருக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. "வெக்கைக்கு எனக்குப் பயமில்லை. ஈரத்துக்குத்தான் பயம்" என்பார். காற்றுப் படும் இடத்தில் ஒரு நாள் முழுக்க வைத்துக் காயவிட்டால் ஐசிங்குக்கு மேலே ஒரு தோல் பிடிக்கும், அந்தத் தோல் இருக்கும்வரை எந்த வெயிலுக்கும் நின்று பிடிக்கும், அதன் மேல் தண்ணீர் பட்டால்தான் எல்லாம் போச்சு என்பது அவர் கட்சி. சொந்தக் கையைக்கூட அவர் நம்புவதில்லை. கை சூடாக இருக்கிற நாளில் கிணற்றடியில் போய்க் கழுவி, துடைத்து, கொஞ்ச நேரம் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு சும்மா இருப்பார். அப்போது யாராவது வந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

கேக் வைக்கும் பெட்டிகளைத் தேயிலைப் பெட்டிப் பலகையில் அவரே செய்வித்திருந்தார். பக்கங்களில் காற்றுப் போக ஓட்டைகள். உள்ளே ஒரு மூலையில் துணியில் முடிந்த கரித்துண்டுகள், ஈரத்தைக் குடிக்க. மூடியில் நீலப் பெயின்ற்றால் பெரிய எழுத்தில் நாலு வரி:

குளிர்ப்பெட்டியில் வைக்கக் கூடாது.
துடைக்கக் கூடாது.
மடியில் வைக்கக் கூடாது.
மூடியைத் திறப்பது நான்.

ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் விட்ட பிழை. மூன்றாவது வரி, கேக்கைப் பத்திரமாகக் கொண்டுபோகிறேன் என்று பஸ்ஸில் மடியில் வைத்து அணைத்துக்கொண்டு போன ஒரு மாமா. மனுசச் சூட்டில் அடிப்பக்கம் இளகி, அவருடைய பத்து விரலும் கேக்கில் பதிந்திருந்தன.

முதல் இரண்டு வரியும் ஒரே வீட்டில் பிறந்தவை. எண்பத்து நாலு என்று நினைக்கிறேன், மின்சாரமும் பெற்றோலும் ஒழுங்காகக் கிடைத்த காலம். மானிப்பாயில் ஒரு பெரிய வீட்டில் பிள்ளைக்குப் பிறந்தநாள். கேக்கைக் காலையில் என்னுடைய காரில்தான் கொண்டுபோய்க் கொடுத்தோம். பின்னேரம் அந்த வீட்டம்மா என்னை அனுப்பி அவரைக் கையோடு கூட்டிவரச் சொன்னார். கேக்கைப் புதுப் பிறிட்ஜுக்குள் வைத்து எடுத்திருக்கிறார்கள். வெளியே வந்ததும் முத்து முத்தாக வேர்த்திருக்கிறது. மூன்று பேர் சேர்ந்து துவாயால் ஒற்றித் துடைத்திருக்கிறார்கள். நாங்கள் போனபோது அது ஈரத் துணியால் அழித்த சிலேற் மாதிரி இருந்தது. வீட்டம்மா விருந்தாளிகள் முன்னால் சீனி சரியில்லை, வேலை சரியில்லை என்று தொடங்கினார்.

அக்கா கேட்ட கேள்வி ஒன்றுதான். "ஆர் துடைச்சது?"

பிறிட்ஜில் வைத்தது யார் என்று அவர் கேட்கவே இல்லை. வைத்தது தெரியாமல் விட்ட பிழை, சும்மா விட்டிருந்தால் அது தானாகக் காய்ந்திருக்கும், துடைத்ததுதான் பிழையை மறைக்கப் பார்த்த வேலை என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். சொல்லிவிட்டுப் பலகையோடு கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்து என் காரில் ஏறிவிட்டார். அந்தப் பிள்ளை கேற்றடியில் நின்று அழுதது. எனக்கு அது சரியாகப் படவில்லை, இவ்வளவு வீம்பு கூடாது என்று வழியில் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை ஒரு சின்னக் கேக் செய்து, தாயை ஏறிட்டும் பாராமல் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தாராம்.

நாலாவது வரி ஒரு சென்றியில், வழியில் மறித்துச் சோதிக்கிற காவலில், பிறந்தது. எந்தக் காலத்துச் சென்றி என்பது முக்கியமில்லை, நாங்கள் எத்தனையோ விதம் பார்த்தோம். ஒருவன் கம்பியோடு வந்து பெட்டியைக் குத்திப் பார்க்கப் போனான். அவர் கம்பிக்கும் பெட்டிக்கும் நடுவில் போய் நின்று, மூடியைத் தானே திறந்து காட்டினார். அவன் குனிந்தபோது தொப்பி விளிம்பில் வேர்வை துளித்து நின்றது. அவர் சட்டென்று உள்ளங்கையை நீட்டி அந்தத் துளியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் தள்ளி நில் என்று காட்டினார். அவன் ஒரு கணம் பார்த்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான்.

இனி என்னுடைய கதைக்கு வருகிறேன். தொண்ணூற்று மூன்றில் என் தமக்கையின் மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் மூன்று வள்ளம் வைத்திருந்த சம்மாட்டி. தாலியும் கூறையும் போலக் கேக்கும் எங்கள் கத்தோலிக்கச் சனத்துக்கு வேண்டும். ஆனால் சாமான்களுக்குத் தடை போட்டிருந்ததால், உள்ளங்கையில் ஒரு சிட்டிகை சீனியை நக்கித் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த காலம் அது. நான் பிஸ்கற் தகரத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். பேணியால் அளந்து ஒரு சுண்டு தந்தவர்களும் உண்டு, அரைச் சுண்டு தந்தவர்களும் உண்டு. குழந்தைப்பிள்ளை இருந்த வீட்டிலும் இல்லையென்று சொல்லவில்லை.

தகரத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அவர் சீனியை ஒரு சுளகில் கொட்டினார். வெள்ளை, பழுப்பு, கட்டி, எறும்பு என்று எல்லாம் கலந்து கிடந்தது.

"இது எத்தினை வீட்டுச் சீனி?"

"எங்கடை தெரு முழுக்க, அக்கா."

அவர் எறும்புகளை ஒவ்வொன்றாக விரலால் ஒதுக்கினார். இந்தக் கேக் பிழையாய்ப் போனால் இன்னொன்று செய்யச் சீனி இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். "தன்ரை கேக் ஒண்டும் இதுவரை கலியாண மேசையிலை வேர்த்ததில்லை எண்டு அவவுக்குச் சொல்லும்" என்று என் தமக்கைக்குச் செய்தி சொல்லிவிட்டார். தன்னைப் பற்றிப் பெருமை பேசும்போது மட்டும் மூன்றாம் ஆளைப்போலப் பேசுவார்.

கேக்கை என் காரிலேயே ஏற்றிவிடலாம் என்று சொன்னதுதான் நான் செய்த முதற் பிழை. அப்போது கார் மண்ணெண்ணெயில் ஓடியது. போத்திலில் இருந்து இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு உசுப்பினால் இருமிக்கொண்டு கிளம்பும். அவர் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்துவிட்டு வெளியே எடுத்தார். மண்ணெண்ணெய் மணம் ஐசிங்கில் ஏறும், வேண்டாம் என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மாப்பிள்ளை ஏறுகிற கார், பொம்பிளை ஏறுகிற கார், உங்கள் கேக்குக்கு மட்டும் ஏலாதோ என்று கேட்டேன்.

"மாப்பிள்ளையை ஆரும் வெட்டிச் சாப்பிடுறேல்லைத் தம்பி."

ஆகவே மூன்று தட்டுக் கேக் மூன்று பெட்டியில், மூன்று சைக்கிளில் போவதென்று முடிவாயிற்று. ஏறி ஓடுவதில்லை, தள்ளிக்கொண்டு நடப்பது. அவர், கணவர், நான். கலியாணத்தன்று விடிய ஐந்தரைக்குப் புறப்படுவதாகத் திட்டம். நான் முந்தின இரவே வந்து அவர்கள் விறாந்தையில் படுத்திருந்தேன். ஐந்து மணிக்கே குண்டு போடுகிற பொம்மர் வந்து சுற்றத் தொடங்கிவிட்டது.

எல்லோரும் முற்றத்துப் பங்கர்க் குழிக்குள் இறங்கினோம். அக்காவைக் காணவில்லை. கணவர் உள்ளே இருந்து கூப்பிட்டார். வீட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"பங்கருக்குள்ளை ஈரம். கேக்கை இறக்கமாட்டன். கேக்கை விட்டிட்டு நானும் இறங்கமாட்டன்."

இரண்டு குண்டு எங்கோ தூரத்தில் விழுந்தது. பங்கர் வாயிலிருந்து மண் உதிர்ந்தது. கணவர் கண்ணை மூடிக்கொண்டு, இறங்கி வா, இறங்கி வா என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தம் ஓய்ந்து நாங்கள் ஏறிப் போனபோது அக்கா கூரைப் புழுதி விழாமல் பெட்டிகளின் மேல் ஒரு வெள்ளைச் சீலையை விரித்து, அதன் மேல் இரண்டு கையையும் பரப்பிக்கொண்டு நின்றார். கேக்குக்காகச் சாகப் போகிறீர்களா என்று நான் கத்தினேன். நேரம் போட்டுது, சைக்கிளை எடும் என்றார். அது துணிவா பிடிவாதமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பங்கருக்குள் இருந்த மனிதரை நினைத்தால் பிடிவாதம் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

எட்டு மணிக்குப் பிறகுதான் புறப்பட முடிந்தது. கரியரில் பாதிக் காற்று அடித்த ரியூப், அதன் மேல் பெட்டி, பெட்டிக்கு மேலே கட்டிய கறுப்புக் குடை. ஆனைக்கோட்டையில் ஒருவர் எங்கள் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டுத் தோள் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, ஆர் செத்தது என்று கேட்டார். ஓட்டுமடம் தாண்டும்போது தார் செருப்பில் ஒட்டியது. பள்ளம் வருகிற இடமெல்லாம் நின்று, மூவருமாகச் சைக்கிளைத் தூக்கி வைத்தோம். நடுப்பகலுக்குத் தமக்கை வீடு போய்ச் சேர்ந்து, அவர் மூடிகளைத் திறந்து வெளிச்சத்துக்குச் சரிவாகப் பார்த்தார். ஒரு பொட்டு ஈரம் இல்லை. முகத்தில் சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். காலையில் இருந்து சாப்பிடவில்லை, முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று கணவரோடு பக்கத்து வீட்டுக் கிணற்றடிக்குப் போனார்.

அந்த நேரத்தில்தான் சம்மாட்டி வீட்டிலிருந்து ஐஸ் வந்தது. விருந்தாளிகளின் சர்பத்துக்காக, எண்ணெய் கிடைக்கிற நாளில் மட்டும் ஓடிய ஐஸ் ஆலையில் சொல்லி வைத்து எடுப்பித்த ஐஸ். அந்த வருசத்தில் தெருவே கூடி நின்று பார்த்த சாமான் அது. நான் ஐசைப் பார்த்தேன். தகரக் கூரைக்குக் கீழே வெந்துகொண்டிருந்த கேக்குப் பெட்டிகளைப் பார்த்தேன். கடற்காரன் வீட்டில் பிறந்தவனுக்கு ஒரு சங்கதி சொல்லித் தர வேண்டியதில்லை. பெறுமதியான எதுவும் கரைக்கு வந்தால் முதல் வேலை ஐசில் போடுவது. எங்கள் மீன் ஐஸ் பெட்டியை இழுத்து, சாம்பலும் புளியும் போட்டு மூன்று தரம் தேய்த்துக் கழுவினேன். மூடியில் எழுதியிருந்ததை வாசித்தேன்தான். குளிர்ப்பெட்டி என்றால் கரண்டில் ஓடுவது, இது வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று பெட்டியையும் ஐசுக்கு மேல் அடுக்கி மூடினேன். தெருச் சீனியைக் காப்பாற்றிவிட்டேன் என்று சந்தோசமாகத்தான் இருந்தது.

சாப்பாட்டை முடித்துக்கொண்டு அவர் வர ஒரு மணித்தியாலம் ஆகிவிட்டது. அதற்குள் நான் பெட்டிகளைத் திரும்ப எடுத்து மேசையில் வைத்திருந்தேன். மூடியைத் திறந்தார். மூன்று தட்டும் குளித்து எழும்பியதுபோல நின்றன. பீற்றூட் சாறில் நிறம் கொடுத்த றோசாப்பூக்களில் இரண்டு இளஞ்சிவப்பாக வழியத் தொடங்கியிருந்தன. தமக்கை துவாயோடு ஓடிவந்தாள். அவர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"துடைக்கக் கூடாது."

அந்தச் சத்தத்துக்குத்தானோ என்னவோ சம்மாட்டி உள்ளே வந்தார். கேக்கைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ஒரு தெருவின் சீனியை மானிப்பாய்க்குக் கொண்டுபோய் நாசமாக்கியாயிற்று, இதற்கு ஆர் பொறுப்பு, எப்படி நடந்தது என்று சனம் கேட்கக் கேட்டார். அக்கா என்னைப் பார்த்தார். நான் உடுத்திருந்த சாரத்தின் கீழ்ப்பாதி ஐஸ் தண்ணீரில் நனைந்திருந்தது. அதையும் பார்த்தார். நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. வாசலில் சீனி தந்த அத்தனை வீட்டுக்காரரும் நின்றார்கள்.

"கேக் என்ரை" என்றார் அவர். "கேள்வியையும் என்னட்டைக் கேளுங்கோ. ஆனால் இப்ப இல்லை. இப்ப எனக்கு விசிறி வேணும்."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். கடல் பக்கத்து யன்னல்களை அடைப்பித்தார், உப்புக் காற்றில் ஈரம் என்று. மாப்பிள்ளைத் தோழனின் காற்சட்டைக்கு வைத்திருந்த ஸ்திரிக்கைப் பெட்டி நெருப்பைச் சட்டியில் கொட்டி அறை மூலையில் வைப்பித்தார். தோழன் சுருக்கத்தோடுதான் கோயிலுக்குப் போனான். தோழிப் பெண்கள் நாலு பேரைத் தூர நிறுத்தி ஓலை விசிறியால் வீசச் சொன்னார். கிட்ட வந்து மூச்சுவிட ஒருத்தரையும் விடவில்லை. ஆசி கொடுக்க வந்த சுவாமியாரையும் வாசலிலேயே நிறுத்தி, அங்கிருந்தே ஆசீர்வதிக்கச் சொன்னார்.

நாலு மணிப் பூசை முடிந்து நாங்கள் திரும்பியபோது கேக் காய்ந்திருந்தது. மினுக்கம் கொஞ்சம் குறைவு, தோல் திரும்பப் பிடித்துவிட்டது. நடுத்தட்டில் மட்டும் றோசாப்பூ அழுத ஒரு கோடு. மல்லிகைச் சரத்தை வைத்து அதை மறைக்கலாம் என்று சம்மாட்டி சொன்னார். பூவில் ஈரம் என்று அக்கா மறுத்துவிட்டார். மறைக்க ஒன்றும் இல்லை, இருக்கட்டும் என்றார். படம் பிடிக்க வந்த ஸ்ரூடியோக்காரர் பக்கத்தைத் திருப்பி வைக்கக் கேட்டதற்கும் அதே மறுமொழி. வெட்டியதும் முதல் தட்டம் பெரிய மனிதர்களின் மேசைக்குப் போக வேண்டியது. அக்கா அதை என் கையில் தந்து, சீனி தந்த வீடுகளுக்கு முதல் கொண்டுபோம் என்றார். சம்மாட்டி பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

அடுத்தநாள் காலை அக்காவை ஓட்டுமடம் வரை வழியனுப்பப் போனேன். அவர் எதையும் கேட்கவில்லை. பிரிகிற இடத்தில் சைக்கிளை நிறுத்தி ஒன்று மட்டும் சொன்னார்.

"பெட்டியை நல்லாய்க் கழுவியிருக்கிறீர் தம்பி. மீன் மணம் ஒரு சொட்டும் இல்லை."

சில மாதம் கழித்து வேறொரு கலியாணத்தில் அந்தப் பெட்டிகளைப் பார்த்தேன். நாலு வரிக்குக் கீழே பெயின்ற் புதிதாக மினுங்கியது: ஐஸ் பெட்டியும் குளிர்ப்பெட்டிதான். எனக்கு முகம் எரிந்தது. அதை அழியுங்கோ அக்கா என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். "ஏன்? பேர் போடேல்லைத்தானே" என்றுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். தொண்ணூற்றைந்தில் சண்டையால் ஊரை விட்டு எல்லோரும் எழும்பி நடந்தபோது அவர்கள் எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியவில்லை. பிறகு விசாரித்தும் தெரியவரவில்லை.

அந்தக் கலியாணப் படம் இப்போதும் மருமகளிடம், அந்தத் தமக்கை மகளிடம், இருக்கிறது. கறுப்பு வெள்ளை. நடுத்தட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. ஓரத்தில் அக்காவின் முழங்கை மட்டும் தெரியும். கோட்டைப் பற்றி யார் கேட்டாலும் எங்கள் குடும்பத்தில் சொல்வதற்கு ஒரு பேச்சு இருந்தது. மானிப்பாய் அக்காவின் கை பிழை விட்டிட்டுது. முப்பது வருசமாக அதைக் கேட்டுக்கொண்டு, தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

போன மாதம் மருமகளின் பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள். கடைக் கேக் பிறிட்ஜுக்குள் இருந்தது. பிள்ளை அல்பத்தைப் புரட்டிக்கொண்டு வந்து அந்தக் கோட்டில் விரலை வைத்தது. மருமகள் வழக்கம்போலத் தொடங்கினாள், "அது அந்த மானிப்பாய் அக்கான்ரை..."

"இல்லை" என்றேன். வீட்டில் இருபது பேராவது இருந்திருப்பார்கள். அன்றைய மாப்பிள்ளையான சம்மாட்டியின் மகனும் இருந்தார். மருமகள் அல்பத்தை மூடப் போனாள். நான் மூட விடவில்லை.

"ஐசிலை வைச்சது நான். கேக் அவவின்ரை. பிழை என்ரை. இனிக் கேள்வியை என்னட்டைக் கேளுங்கோ."